அடித்து எழுதிய சொல்

கடற்கரைப் பங்கு ஒன்றின் திருவிழாவையொட்டி நடைபெற்ற சிறுவர் கவிதைப் போட்டிக்கு, சில ஆண்டுகளுக்கு முன்னர், நடுவர் மூவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் பங்கேற்றனர். தலைப்பு ‘கடல்’. நாங்கள் முதற்பரிசுக்குத் தேர்ந்தெடுத்த கவிதை, கடலை அன்னை என்றது, அமுதம் என்றது, நீலப் பட்டு என்றது, இறுதியில் முத்தமிழ் என்றும் முழங்கி முடிந்தது. நீலப் பட்டைப் பச்சைப் பட்டாக மாற்றிவிட்டால் அக்கவிதை மலைக்கும் பொருந்தும், வயலுக்கும் பொருந்தும். ஆனாலும் எதுகையும் மோனையும் தவறாமல் வந்தமையால் எங்களுக்கு ஐயம் எழவில்லை.

பரிசு பெறாத தாள்களுள் ஒன்று இன்றும் என் நினைவில் நிற்கிறது. நான்கே அடிகள்.

அப்பா இன்னும் வரவில்லை.
அம்மா அடுப்பு மூட்டவில்லை.
அப்பா கரையேறினார்.
அம்மா உலையேற்றினாள்.

மூன்றாம் அடியில் அச்சிறுவன் முதலில் எழுதியது ‘வந்துவிட்டார்’ என்ற சொல். அதனை ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, மேலே சிறிய எழுத்துகளில் ‘கரையேறினார்’ என்று எழுதியிருந்தான். “உவமை இல்லை, வருணனை இல்லை, போதாக்குறைக்கு அடித்தல் திருத்தல் வேறு” என்று சொல்லி அத்தாளை ஒதுக்கி வைத்தோம். ஒதுக்கியவர்களுள் நானும் ஒருவன்.

ஊர் திரும்பும் பேருந்தில்தான் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ‘வந்துவிட்டார்’ என்பது எவருக்கும் பொருந்தும். அலுவலகத்திலிருந்தும் வரலாம், சந்தையிலிருந்தும் வரலாம். ‘கரையேறினார்’ என்பதோ கடலுக்குப் போனவருக்கே உரியது. திரும்பாமலும் போயிருக்கக் கூடியவருக்கே உரியது. தந்தை கரையேறினால்தான் தாய் உலையேற்றுவாள் என்ற ஒரு குடும்பத்தின் வாழ்வு முழுவதும் அவ்விரு வினைகளின் ஒலியொப்புமையில் அடங்கிக் கிடந்தது. அப்பா, அம்மா என்று மாறி மாறித் தொடங்கிய அடிகளில், நாங்கள் தேடிய மோனையும் இருந்தது. கவிதையைத் தேடிப் போன நாங்கள், கவிதையைக் கண்டபோது அதன்மேல் கிடந்த மைக்கோட்டை மட்டுமே பார்த்தோம்.

இக்கட்டுரை அந்தக் குற்ற உணர்விலிருந்து பிறக்கிறது. ஆயினும் குற்றம் எங்கள் மூவரோடு முடிந்துவிடவில்லை. நம் பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கவிதை கற்பிக்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் உண்மையில்லை. கவிதையைச் சாக்கிட்டு மனப்பாடத்தைக் கற்பிக்கிறோம், கையெழுத்தைக் கற்பிக்கிறோம், ஆடம்பரத்தைக் கற்பிக்கிறோம். கவிதை எதனைக் கற்பிக்க வல்லதோ, அதனை, அதாவது பல சொற்களுள் மெய்யான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை, நாம் கற்பிக்காததோடு தண்டிக்கவும் செய்கிறோம். இதுவே என் குற்றச்சாட்டு.

கிளிக்கு முதற்பரிசு

நடுநிலைப் பள்ளியில் ஒரு செய்யுள் எவ்வாறு நடத்தப்படுகிறது? ஆசிரியர் ஒரு முறை இசையோடு படிக்கிறார். பிள்ளைகள் திரும்பச் சொல்கின்றனர். ‘சொல்லும் பொருளும்’ என்ற பகுதி குறிப்பேட்டில் இறங்குகிறது. ‘பாடலின் பொருள்’ அப்படியே படியெடுக்கப்படுகிறது. எதுகைச் சொற்களையும் மோனைச் சொற்களையும் பொறுக்கி எழுதியாகிறது. பின்னர் அடிபிறழாமல் எழுதும் தேர்வு. அடுத்த பாடவேளையில் அடுத்த பாடம். இவ்வளவிலும் ‘ஏன்’ என்ற வினா ஒருமுறைகூட எழுவதில்லை. புலவர் ஏன் இந்தச் சொல்லை வைத்தார்? இதே பொருள் தரும் வேறு சொற்கள் இருந்தும் அவற்றை ஏன் விட்டார்? இவ்விரு வினாக்களும் கேட்கப்படாத வகுப்பில் செய்யுள் இருக்கும், கவிதை இராது.

பாடநூலைக் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்றைய பாடநூல்களில் ‘கவிதைப் பேழை’ என்று தனிப் பகுதியே உண்டு. ‘சிந்தனை வினா’ என்று ஒரு வாயிலும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அவ்வாயிலின் வழியே நுழைவார் இல்லை என்பதே குறை. சிந்தனை வினாவுக்கும் விடையை உரைநூலிலிருந்து எழுதிப் போடும் ஊரில் பாடநூல் ஆசிரியர்கள் வேறு என்ன செய்ய இயலும்?

மனப்பாடத்தை நான் இகழவில்லை. நெஞ்சில் தங்காத கவிதை நெஞ்சை மாற்றாது. ஆனால் மனப்பாடம் தொடக்கமேயன்றி முடிவாகாது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரித்தபோது, அன்னத்தையும் பசுவையும் போன்றவர்களை முதல்நிலையில் வைத்தார். பாலையும் நீரையும் பிரித்தறிவது அன்னம். மேய்ந்ததை இருந்து அசைபோடுவது பசு. சொல்லிக் கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியை இடைநிலையில் வைத்தார். நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, கிளிக்கு முதற்பரிசும் கோப்பையும் வழங்கிப் புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். பிரித்தறிந்து ஒரு சொல்லை விலக்கி மற்றொன்றைக் கொண்ட அன்னத்துக்கோ, அடித்தல் திருத்தலுக்காக மதிப்பெண் குறைக்கிறோம்.

வள்ளுவர் ‘சொல்வன்மை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். நாம் சொல்லும் சொல்லை வெல்லக்கூடிய வேறொரு சொல் இல்லை என்று அறிந்த பின்னரே அதனைச் சொல்ல வேண்டும் என்பது அதில் அவர் வைக்கும் விதி. பிறிதொரு சொல் வெல்லாது என்பதை எங்ஙனம் அறிவது? பிறிதொரு சொல்லை வைத்துப் பார்த்தும், அடித்தும், மீண்டும் எழுதியும் அன்றோ அறிய முடியும்? அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்லிக்கொண்டே அக்குறளை மனப்பாடம் செய்விப்பதைவிடப் பெரிய முரண் வேறு என்ன இருக்கிறது?

அச்சம் உதிர்ந்த கடல்

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பகுதியில் ‘நாமநீர்’ என்றொரு சொல் வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் படிக்கின்றனர். ‘அச்சம் தரும் கடல்’ என்று பாடநூல் சரியாகவே பொருள் தருகிறது. ஆனால் தேர்வுக்கு விரையும் வகுப்பில் அது ‘நாமநீர் என்றால் கடல்’ என்று சுருங்கிவிடுகிறது. அச்சம் உதிர்ந்துவிடுகிறது. ஆழி, பௌவம், முந்நீர், பரவை, புணரி என்று கடலுக்குத் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்க, இளங்கோவடிகள் அந்த இடத்தில் அச்சத்தை உள்ளடக்கிய சொல்லை ஏன் வைத்தார் என்ற வினா எழாமலே போகிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில், ஆழிப்பேரலை எழுந்து வந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியது. ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மீளவில்லை. அவ்வீடுகளின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் பயின்றார்கள், பயில்கிறார்கள். கடலை ‘அச்சம் தரும் நீர்’ என்று ஏன் சொல்ல வேண்டும் என அப்பிள்ளைகளைக் கேட்டால், உரையாசிரியர் எவரும் எழுதாத உரையை அவர்கள் சொல்வார்கள். நாம் கேட்பதில்லை. பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, படியெடுக்கச் சொல்கிறோம்.

கேட்காதது மட்டுமா? அவர்கள் கொண்டுவரும் சொல்லையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். மேலைக் காற்றைக் ‘கச்சான்’ என்றும் தென் காற்றைச் ‘சோழகம்’ என்றும் கடலின் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்றும் கடற்கரைப் பிள்ளை அறியும். அச்சொற்களைக் கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையில் சுழித்து ‘கொச்சை’ என்கிறோம். உழவர் வீட்டுப் பிள்ளையின் சொல்லுக்கும், பனையேறும் குடும்பத்துப் பிள்ளையின் சொல்லுக்கும் அதே சுழிதான். தொல்காப்பியரோ இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைச் சொற்களையும் செய்யுளுக்கு உரியனவாக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளின் சொல்லுக்கும் கவிதையில் இடமளித்தார். இலக்கணத்தின் தந்தை திறந்து வைத்த கதவை, இலக்கணத்தின் பெயராலேயே நாம் அடைக்கிறோம்.

நம் வீட்டுப் பொருள்

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு இந்தப் பிழை இருமடங்கு பிழை. ஏனெனில் சொல்லைத் தேர்ந்தெடுத்தல் நம் வரலாற்றின் நடுக்கூறு. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான சிறிய மறைநூல் ‘தம்பிரான் வணக்கம்’. அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் ஆண்டவரைக் குறிக்க ‘தம்பிரான்’ என்ற சொல்லைத் தெரிந்தெடுத்து முத்துக்குளித்துறை மக்களின் கையில் கொடுத்தார். கவிதைப் போட்டியில் நாங்கள் ஒதுக்கிய சிறுவனைப் போன்றோரின் முன்னோர்தாம் அந்நூலின் முதல் வாசகர்கள்.

இத்தாலியில் 1680இல் பிறந்து, முப்பது வயதளவில் இந்நாட்டுக்கு வந்து, அதன் பின்னரே தமிழ் எழுத்தை அறிந்த வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அதன் தலைவரான புனித சூசையப்பருக்கு அவர் இட்ட பெயர் ‘வளன்’. எபிரேய மொழியில் யோசேப்பு என்ற பெயருக்குப் பெருகச் செய்தல் என்ற பொருள் உண்டு. அப்பொருளைத் தமிழில் தேடி ‘வளன்’ என்ற சொல்லை அவர் கண்டார். திருமுழுக்கு யோவானுக்குக் ‘கருணையன்’ என்று பெயரிட்டார். ‘கடவுள் அருள்கூர்ந்தார்’ என்பது யோவான் என்ற பெயரின் பொருள். நம் முன்னோர் அதே பெயரை ‘அருளப்பர்’ என்றும் தமிழாக்கியிருந்தனர். பவுல் என்ற பெயருக்கு இலத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள். ஆகவே அவர் நமக்குச் ‘சின்னப்பர்’ ஆனார். நம் பங்குகளில் சின்னப்பன் இல்லாத தெரு எது? அருளப்பன் இல்லாத குடும்ப அட்டவணை எது? தன் தாத்தாவின் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு, பல சொற்களை எடை போட்டுத் தேர்ந்த ஒரு சொல், என்பதை எத்தனை பேரப்பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

அதே வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உடையது. ஒரு பொருளுக்குரிய பல சொற்களை ஒரு பகுதி தரும். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை மற்றொரு பகுதி தரும். எதுகைக்கு இயைந்த சொற்களைத் தொடையகராதி தரும். கவிதை எழுதுவோன் கையில் இருக்க வேண்டிய கருவி அது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குருவானவர் செய்து வைத்த அக்கருவியின் பெயர், நம் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் வினாவுக்கான விடையாக மட்டும் எஞ்சி நிற்கிறது.

இன்னும் அருகே வருவோம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டதன் பின்னர், நம் பீடங்களில் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது. பூசை திருப்பலி ஆயிற்று; ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று; அர்ச்சியசிஷ்டர் புனிதர் ஆயினர்; இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியார் ஆனார். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் முன்பு ‘வார்த்தை’ என்றிருந்த இடத்தில் ‘வாக்கு’ என்று வைத்தது. வார்த்தை எவரும் பேசுவது. வாக்கு கொடுக்கப்படுவது, காக்கப்படுவது. அச்சிறு மாற்றத்தில் ஓர் இறையியலே உண்டு. பழைய சொற்களை இழந்ததற்காக வருந்திய முதியோரும் நம்மிடையே இருந்தனர். அவ்வருத்தத்திலும் பொருள் உண்டு. பாட்டி சொன்ன சொல்லையும் பேத்தி சொல்லும் சொல்லையும் ஒரே கரும்பலகையில் எழுதி, ‘எது எதனைத் தருகிறது, எது எதனை இழக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட உயிருள்ள சொல்லாய்வு வகுப்பு வேறில்லை.

‘உம் மகன்’, ‘உன் தம்பி’

இவையெல்லாம் இலக்கிய ஆர்வலரின் கவலை, சாதாரண விசுவாசிக்கு இதனால் என்ன என்று கேட்போர் உளர். அவர்களுக்கு லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தைக் காட்டுகிறேன். ஊதாரி மைந்தன் திரும்பி வந்தபோது, மூத்தவன் தந்தையிடம் முறையிடுகிறான். அப்போது அவன் ‘என் தம்பி’ என்று சொல்லவில்லை; ‘உம் மகன்’ என்கிறான். உறவைக் கழற்றித் தந்தையின் மேல் எறிந்துவிடுகிறான். தந்தை மறுமொழி கூறும்போது அந்தச் சொல்லை ஏற்கவில்லை. ‘உன் தம்பி’ என்று திருத்துகிறார். கழற்றி எறிந்த உறவை எடுத்து மூத்தவன் தோளிலேயே மீண்டும் மாட்டுகிறார். அவ்வுவமையின் திருப்பம் முழுவதும் ஒரு முறைப்பெயரில் நிற்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா? அண்ணனோடு சண்டையிட்டுவிட்டு, “உங்க மகன் என்ன செஞ்சான் பாருங்க” என்று தாயிடம் புகார் சொல்லாத பிள்ளை உண்டா? நாமோ அவ்வுவமையை மறைக்கல்வித் தேர்வில், ‘இளைய மகன் எதனை உண்டு வயிற்றை நிரப்ப விரும்பினான்?’ என்று கேட்டு முடித்துவிடுகிறோம்.

தமிழில் ஒரு சொல்லின் இறுதி எழுத்தே ஒரு மனிதனின் மாண்பை எடை போடும். ‘குருவானவர் வந்தார்’, ‘ஆசிரியர் வந்தார்’, தெருவைக் கூட்டுபவர் மட்டும் ‘வந்தான்’. நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்டு வளரும் இலக்கணம் இது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதியின் வேலி தென்படும் திருச்சபை நம்முடையது. அந்த வேலியின் முதல் முள் வினைமுற்றில் முளைக்கிறது. ‘ஆன்’ என்ற விகுதியை ‘ஆர்’ என்று அடித்துத் திருத்தும் பிள்ளை இலக்கணப் பயிற்சி மட்டுமா செய்கிறது? எட்டாம் கட்டளை பிறருக்கு எதிரான பொய்ச்சான்றைத் தடுக்கிறது. பொருந்தாத சொல்லும் ஒரு பொய்ச்சான்றே. ‘காலனியாள்’ என்று ஒருவரைச் சுட்டுவதும், ‘அவன் அப்படிப்பட்டவன்’ என்று ஆராயாமல் கைப்பேசியில் பரப்புவதும் சொல் தேர்வின் பிழைகள்தாம். சொல்லைத் தேரப் பயிலாத பிள்ளைக்கு விளம்பரக்காரரும் மேடைப் பேச்சாளரும் சொல்லைத் தேர்ந்து கொடுப்பர். அந்தச் சொல்லால் அப்பிள்ளை சிந்திக்கும். அந்தச் சொல்லால் வெறுக்கவும் செய்யும்.

சொல்லப்படும் தடைகள்

“கவிதை பிறவி வரம், கற்பிக்க இயலாது” என்பது முதல் தடை. கவிஞரை உருவாக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பாடகற்குழுவில் பாடும் எல்லாரும் இசைமேதைகளா? சுருதி சேர்ந்து பாடப் பழகுகிறார்கள் அல்லவா? அவ்வளவே சொல்லிலும் கேட்கிறோம்.

“பாடத்திட்டம் பெரிது, வகுப்பில் நாற்பது பேர், நேரமில்லை” என்பது இரண்டாம் தடை. ஆசிரியரின் சுமையை நான் அறிவேன். நானும் அதனைச் சுமந்தவன். ஆயினும் நான் கேட்பது பத்து நிமிடம். பாடலைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரே ஒரு சொல்லின் இடத்தை வெற்றிடமாக விடுங்கள். பிள்ளைகள் தம் சொற்களால் அதை நிரப்பட்டும். ஐந்தாறு சொற்கள் வரும். ஒவ்வொன்றையும் வைத்துப் படித்துக் காட்டுங்கள். எது ஓசையைக் கெடுக்கிறது, எது பொருளைச் சுருக்குகிறது, எது எதிர்பாராத ஒன்றைக் காட்டுகிறது என்று அவர்களே வாதிடட்டும். பின்னர் புலவர் வைத்த சொல்லைத் திறந்து காட்டுங்கள். அந்தச் சொல்லை அப்பிள்ளைகள் அதன்பின் மறப்பதில்லை; மனப்பாடமும் தானே வந்து சேரும்.

இன்னொரு பயிற்சி. ‘சொன்னான்’ என்ற வினையை எடுங்கள். கூறினான், கழறினான், சாற்றினான், ஓதினான், பிதற்றினான், முணுமுணுத்தான் என்று பலகையில் நிரப்புங்கள். நண்பனை இடித்துரைப்பவன் கழறுகிறான். ஊரறியச் சொல்பவன் சாற்றுகிறான். தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்க அஞ்சுபவன் முணுமுணுக்கிறான். பேதுரு முற்றத்தில் மறுதலித்தபோது எந்த வினை பொருந்தும், ஏன் என்று கேளுங்கள். பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழு பெயர்களைப் பாடநூலே தருகிறது. அவற்றைப் பட்டியலாக ஒப்புவிக்கச் செய்யாமல், மாதா சுரூபத்தின் முன் காலையில் வைத்த மாலையை மாலையில் பார்த்து, எச்சொல் பொருந்தும் என்று எழுதச் செய்யுங்கள்.

“மறைக்கல்வி வகுப்பில் கவிதைக்கு இடமேது?” என்பார் சிலர். திருப்பாடல்கள் நூற்றைம்பதும் கவிதைகள். அவற்றின் உயிர், முன்னடியில் சொன்னதைப் பின்னடியில் வேறு சொல்லால் மீண்டும் சொல்வதிலும், எதிர்நிறுத்திச் சொல்வதிலும் இருக்கிறது. இராபர்ட் லௌத் என்ற அறிஞர் 1753இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்து விளக்கினார். எதுகையை மொழிபெயர்க்க முடியாது. ஆனால் இந்த இணைவை எம்மொழிக்கும் கொண்டுவரலாம். ஆகவேதான் அப்பாடல்கள் தமிழிலும் கவிதையாகவே நிற்கின்றன. நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பதிலுரைப் பாடலில் கவிதையைத்தான் வாய்விட்டுச் சொல்கிறார்கள். அது கவிதை என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. முன்னடியை மட்டும் கொடுத்து, பின்னடியைத் தம் சொற்களால் எழுதச் செய்தால், இறைவேண்டலும் மொழிப்பயிற்சியும் ஒன்றாகும்.

“குழந்தையின் எழுத்தைத் திருத்தினால் படைப்பாற்றல் கெடும்” என்பது புதிய தடை. இது கேட்க இனிமையாயிருக்கிறது. ஆனால் ‘எல்லாம் அழகு, எல்லாம் அருமை’ என்று சொல்லும் ஆசிரியர் பிள்ளையின் சொல்லைப் படிக்கவேயில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். சிவப்பு மையால் நாம் திருத்துவது வேறு; ‘இந்தச் சொல் நீ கண்டதைச் சொல்கிறதா?’ என்று கேட்டு, பிள்ளையே திருத்துமாறு காத்திருப்பது வேறு. பின்னதற்குப் பொறுமை வேண்டும்.

“இனி எல்லாவற்றையும் இயந்திரம் எழுதிவிடும்” என்பது கடைசித் தடை. உண்மைதான். கடலைப் பற்றி இருபது அடி வேண்டும் என்று கேட்டால், கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் தந்துவிடும். அன்னை, அமுதம், நீலப் பட்டு எல்லாம் தவறாமல் வரும். நாங்கள் முதற்பரிசு கொடுத்த கவிதையை எழுத இனிப் பிள்ளையே தேவையில்லை. ஆனால் தந்தை திரும்பும்வரை அடுப்பு மூட்டாத தாயின் அருகில் அமர்ந்திருந்து, ‘வந்துவிட்டார்’ என்பது போதாது என்று உணர்ந்து ஒரு கோடு கிழிக்க, அந்தப் பிள்ளைதான் வேண்டும்.

யார் தொடங்குவது?

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்க வழி செய்தது. சட்டம் பிள்ளையை வகுப்பில் அமர்த்தலாம். சொல்லின்மேல் அன்பை ஊட்ட அதனால் இயலாது. அது பெற்றோராலும் ஆசிரியராலும் மறையாசிரியராலும் ஆக வேண்டியது. நம் பள்ளிகளின் வாயிலில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் பலகை மாட்டும் நிர்வாகிகள், பிள்ளை எம்மொழியில் பேசினாலும் சொல்லை எடைபோட அறியாவிட்டால் அப்பேச்சு ஓசையாகவே முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோர், பிள்ளையின் குறிப்பேட்டில் மதிப்பெண்ணைத் தேடுமுன், பிள்ளை அடித்த சொல்லைத் தேட வேண்டும். ‘இதை ஏன் மாற்றினாய்?’ என்று ஒருமுறை கேளுங்கள். பிள்ளையின் மனம் வேலை செய்த இடம் அதுதான்.

திருவிழாப் போட்டிகளை நடத்தும் பங்குப் பேரவையினருக்கும் இளையோர் இயக்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு அறிவிப்பில், ‘அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதற்கு மாறாக, ‘முதலில் எழுதிய தாளையும் இணைத்துக் கொடுக்கவும்’ என்று சேருங்கள். நடுவர்கள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். எந்தச் சொல் வீழ்ந்தது, எந்தச் சொல் எழுந்தது, ஏன் என்று பிள்ளையை அழைத்துக் கேட்கட்டும். பரிசு அதற்கு.

என்னை மறுபடியும் நடுவராக அழைத்தால், இந்த நிபந்தனையோடுதான் வருவேன்.